என்ன மருந்து எடுக்கிறீர்கள்

டொக்டர் கேட்டது சின்னக் கேள்வி.
என்ன மருந்து எடுக்கிறீர்கள், எவ்வளவு காலமாக?
தமிழாக்கிக் கொடுத்தேன்.

"எடுக்கிறதோ? அடிக்கிறது, பிள்ளை.
ஏப்ரலில தொடங்கினா ஓகஸ்ட் மட்டும்.
மழை பெய்து கழுவிப்போட்டால் திரும்பவும்"
என்றார் சபாநடேசன்.

போர்தோ ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில்
ஒரு சொல் நடுவழியில் நின்றுவிட்டது.
நோய்க்கும் மருந்து, பூச்சிக்கும் மருந்து.
கடன் முற்றியவன் குடித்துச் செத்தாலும்
மருந்து குடிச்சிட்டான் என்றே
சொல்லிப் பழகிய நாக்கு.
பிரெஞ்சாவது கைகொடுக்கும் என்று திரும்பினேன்.
அவர்களும் திராட்சைக்கு அடிப்பதை
த்ரெத்மான் என்கிறார்கள். சிகிச்சை.
இரண்டு மொழியும் ஒரே கடையில்
சாமான் வாங்கியிருக்கின்றன.

நஞ்சு என்றேன்.
டொக்டர் லபோர்த் பேனையை நிறுத்தினார்:
அந்தச் சொல்லையா சொன்னார்?
இல்லை.
கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று
கையெழுத்து வைத்திருக்கிறேன்.
திருத்திக்கொண்டேன்: தோட்டத்து மருந்து.

பெயர்கள்?
பெயர் தெரியாது, நிறம் தெரியும்.
நீலம் ஒன்று, சப்பாத்தில் பிடித்தால் போகாது.
ஒரு மஞ்சள் தூள்.
பிறகு ஒரு தைலம், தண்ணீரில் விட்டதும்
பாலாகும்.
"அதுக்கு முட்டை அழுகின மணம். முந்தி.
இப்ப ஒண்டும் மணக்கிறேல்ல, ஏழெட்டு வருசமா.
நல்லதாப் போச்சு எண்டு நினைச்சன்."
டொக்டர் இதற்கு மட்டும்
இரண்டு கோடு கீறினார்.

முதுகில் கொழுவும் தாங்கி.
அடியில் ஒழுக்கு. நாரி நனைந்து
பின்னேரம் வரை காயாது.
கையுறை தந்தார்கள், வெயிலில் கழற்றினோம்.
கண்ணாடிப் பெட்டி ட்ரக்டர்காரனுக்கு.
உடுப்புத் தோய்த்தது யார்?
மனிசி.
கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.
"அவவுக்கும் வருமோ எண்டு கேள்."

கேட்டேன். வந்த பதிலைத் தமிழில்
சொல்லத் தெரியாது என்றும் வைக்கலாம்
சொல்ல ஏலாது என்றும் வைக்கலாம்.
முதலாவதை வைத்தேன்.
அது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

பெயரை எழுதச் சொன்னார்கள்.
'ச' பெரிதாகத் தொடங்கியது,
'டே'யில் ஒடுங்கிப்போனது,
கடைசி 'ன்' ஓர் எறும்பின் கால்.
இது உங்கள் கையெழுத்தல்ல என்று
வங்கியில் காசோலையைத் திருப்பிவிட்டார்களாம்.
எழுதி முடிந்தும் கை முடிக்கவில்லை.
பெருவிரலும் சுட்டுவிரலும்
யாருக்கோ காசு எண்ணிக்கொண்டிருந்தன.

தொழிலால் வந்த நோய் என்று காட்ட
பத்து வருசம் வேண்டும்.
பொலித்தீன் பையிலிருந்து
சம்பளத் துண்டுகள் வந்தன.
லபோர்த் கூட்டினார், மறுபடி கூட்டினார்:
ஒன்பது வருசம், நான்கு மாதம்.

அவர் என் பக்கம் சரிந்தார்.
"அதுக்கு முன்னம் மூண்டு சீசன், பிள்ளை.
இன்னொருத்தன்ர கார்ட்டில, அவன்ர பெயரில.
சொல்லிப்போடாதை.
குடும்பமா இருக்கிறான், இதே ஊரில."

அந்த மூன்று சீசனையும் அவர் உடம்பு
வேறு பெயரில் எழுதி வைக்கவில்லை.

என்ன சொல்கிறார்? என்றார் டொக்டர்.

தண்ணீர் கேட்கிறார் என்றேன்.

கண்ணாடிக் குவளையை
இரண்டு கையாலும் வாங்கினார்.
பாதி வாய்க்குப் போனது,
மீதி படிவத்தின் மேல்.
லபோர்த் துணி எடுக்க எழும்பிய நேரத்தில்
ஒன்பது என்று எழுதியிருந்த இடத்தில்
மை ஊறிப் பரவிக்கொண்டிருந்தது,
நீலமாக.