ஐந்தில் மூன்று

படிவத்தில் பதினான்காவது கேள்வி:
காயம் ஏற்பட்ட தேதி.
நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு நான்கு,
ஆக எட்டுக் கட்டம்.

அல்ஃபே பேனா மூடியைக் கடித்தபடி
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஏப்ரல் முடியப்போகிறது,
சிங்கி இறால் கூண்டுகளின் மேல் இன்னும் பனி.

"ஏதாவது ஒரு நாளைச் சொல்" என்றேன்.
கத்தித்தான் சொன்னேன்.
இந்த வீட்டில் உப்பு கேட்பதும் கத்தித்தான்.

"செவ்வாய்க்கிழமை."
எந்தச் செவ்வாய்?
"எல்லாமும்தான்.
செவ்வாய்தோறும் சுடுவோம், பதினோரு வருஷம்."

கட்டங்களை வெற்றாய் விட்டுவிட்டு நகர்ந்தோம்.

பதினைந்து: காதுக்குப் பாதுகாப்பு தரப்பட்டதா?
சிரித்தான்.
சிகரெட்டின் பஞ்சு முனையைப் பிய்த்து
இந்தக் காதில் பாதி, அந்தக் காதில் பாதி.
இல்லாதவனுக்கு சார்ஜெண்ட் கடன் தருவார்,
சம்பளத்தன்று முழுப் பாக்கெட்டாகத் திருப்ப வேண்டும்.

பீரங்கிக்கு ஒரு நோட்டு இருந்ததாம்.
சுட்ட குண்டு ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும்,
குழாய் எவ்வளவு தேய்ந்தது என்று தெரிய வேண்டுமே.
தேய்ந்ததைக் கழற்றிப் புதிது மாட்டினார்கள்,
இவன் இருந்த காலத்திலேயே இரண்டு தடவை.
அந்த நோட்டின் நகல் கேட்டு எழுதினோம்.
பீரங்கி உருக்கப்பட்டுவிட்டது,
நோட்டு பற்றித் தகவல் இல்லை என்று
ஒட்டாவாவிலிருந்து மரியாதையான பதில்.

சாட்சிக்கு ஓவிலா பூர்க்.
அதே பீரங்கியின் இடப்பக்கம் நின்றவன்,
இப்போது பாத்தர்ஸ்டில் மகளோடு.
தொலைபேசியில் இரண்டு பேரும்
என்ன, என்ன, என்று நாற்பது நிமிஷம்.
எதற்கோ சேர்ந்து சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.
பிறகு மகளும் நானும்
ஐந்து நிமிஷத்தில் விஷயத்தை முடித்தோம்.

மாங்க்டனில் செவிச் சோதனை.
கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து
கையில் ஒரு பொத்தான்.
சத்தம் கேட்டால் அழுத்துங்கள்.
அழுத்தினான்.
அழுத்திக்கொண்டே இருந்தான்.
"ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை"
என்றாள் அந்தப் பெண்.

முப்பத்தெட்டு வருஷமாக அவனுக்குள் ஒரு கெட்டில்,
யாரும் அடுப்பிலிருந்து இறக்காதது.
அதைத்தான் நேர்மையாகச் சொன்னான்.
பதில்கள் நம்பத்தக்கவையல்ல என்று எழுதிக்கொண்டாள்.

என்னை எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள்.
மனைவிக்கு என்று ஒரே ஒரு வரி, பெயர் எழுத.
ஒடெட் கோர்மியே.
கிசுகிசுப்பது எப்படி என்று எனக்கு மறந்துபோனதை
அந்த வரியில் எப்படி எழுதுவது?
படுக்கையில் சொல்லும் சொற்கள் சில உண்டு.
பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அவற்றைச் சொல்ல முடியாது.
சொல்லாமல் விட்டேன். பழகிவிட்டது,
அதுதான் அதில் மோசம்.

பதினேழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது.
உங்கள் கோரிக்கை ஐந்தில் மூன்று பங்கு ஏற்கப்படுகிறது.
மிச்சம் இரண்டு பங்கு
வயதாலும், நீங்கள் பயன்படுத்தியதாகச் சொன்ன
மரம் அறுக்கும் இயந்திரத்தாலும்.

அவன் அதை இரண்டு தரம் படித்தான்.
கொட்டகைக்குப் போய் அந்த இயந்திரத்தையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்,
வீட்டுக்குள்ளேயே வளர்ந்த திருடனைப் பார்ப்பதுபோல்.
பிறகு போன வாரக் காற்றில் பாதையில் விழுந்த பிர்ச் மரத்தை
அதை வைத்தே அறுத்தான்.
வேறு என்ன செய்வது, குளிர் வருகிறது.

அன்றிரவு மின்சாரம் போனது.
ஃப்ரிட்ஜும் ஓய்ந்தது.
நான் கேட்கிற அமைதி எனக்கு மட்டும்தான்.
அவன் கண் திறந்தபடி கிடந்தான்.
இப்போது கேட்பது எந்தப் பங்கு,
ராணுவத்துடையதா, நம்முடையதா
என்று அவன் முதுகிடம் கேட்டேன்,
கத்தாமல், ஒரு தடவை, எனக்காக.
முதுகு அசையவில்லை.

மேல்முறையீட்டுக்கும் அதே படிவம்.
காலையில் நானே உட்கார்ந்தேன்.
காயம் ஏற்பட்ட தேதி, எட்டுக் கட்டம்.
செ, வ், வா, ய், க், கி, ழ, மை.
ஒரு கட்டமும் மிஞ்சவில்லை.