பதினோராம் பக்கம்

பழுப்பில் மட்டும் எட்டுக் குப்பி காலி.
ஹல்முண்டுர் தொலைபேசியில் சிரிக்கிறார்:
"குழந்தைகள் புத்தகம் இது,
கொஞ்சம் மஞ்சள் வையுங்களேன்."
ஈடர் வாத்துப் பெட்டையிடம் மஞ்சள் ஏது?
காய்ந்த கடற்பாசி, ஈரப் பாறை, தேநீர்க் கறை,
அவ்வளவுதான் அவள்.
காலடியில் உட்கார்ந்திருந்தாலும்
மிதிக்கப் போகையில்தான் தெரிவாள்.

முதல் பக்கத்தில் இரண்டு பேர்.
அவனுக்கு வெள்ளை முதுகு, கறுப்பு வயிறு,
பிடரியில் மட்டும்
யாரோ தூரிகை துடைத்துவிட்டுப் போன வெளிர்பச்சை.
கீழே இப்படி எழுதினேன்:

    கடலில் அவள் முன்னே, அவன் பின்னே.
    பிறந்த தீவு அவளுக்குத் தெரியும்.
    அவனுக்கு அவளைத் தெரியும்.

நான்காம் பக்கத்தில் அவள்
தன் மார்பைத் தானே பிடுங்குகிறாள்.

    உடுத்தக் கொடுத்தாள் உடம்பின் பஞ்சை;
    கடுங்குளிர் வந்தது, தேடிப் பார்த்தது,
    முட்டை ஒன்றும் அகப்படவில்லை.

ஆறாம் பக்கத்தில் அவன் போய்விடுகிறான்.
ஈடர் ஆண்கள் அப்படித்தான்,
அடைகாப்பு தொடங்கியதும் கடலுக்கு.
"கடைசிப் பக்கத்திலாவது
ஒரு சிப்பியைக் கவ்விக்கொண்டு வரட்டுமே" என்றார் ஹல்முண்டுர்.
"அன்பு என்று அட்டையில் போட்டுவிட்டு
அப்பாவை அனுப்பிவிட்டால் எப்படி?"

பொய் எனக்குப் புதிதல்ல.
பறவைகள் விஷயத்தில்தான் கை வருவதில்லை.
படகு பிடித்து மேற்குத் தீவுக்குப் போனேன்.

தோர்கட்லா தொப்பியில் மரக்கரண்டி செருகியிருந்தாள்.
ஆலாக்கள் உயரமான இடத்தைத்தான் கொத்துமாம்.
என் தொப்பியில் கரண்டி இல்லை.
அதை முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

கூட்டிலிருந்து ஒரு பிடி பஞ்சு எடுத்தாள்,
அந்த இடத்தில் உலர்ந்த புல் வைத்தாள்.
பெட்டை அசையவில்லை.
"பிடுங்கும்போது வலிக்குமா?" என்றாள்
மகள் ஈஸ்கெர்துர். ஆறு வயது.
தோர்கட்லா சாக்கின் வாயை
தேவைக்கு மேல் ஒரு முடிச்சுப் போட்டாள்.
நான் கடலைப் பார்த்தேன்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
இருபத்தைந்து நாள்.
மூன்றில் ஒரு பங்கு உடம்பு கரைந்து
கூட்டுக்கே அவள் பெரிதில்லாமல் போனாள்.

பத்தடி தள்ளி இன்னொரு கூடு.
ஒரு காலையில் அண்டங்காக்கை வந்துபோனது,
ஓடுகூட மிச்சமில்லை.
அவள் வெறும் பஞ்சின்மேல் இரண்டு நாள் உட்கார்ந்தாள்.
மூன்றாம் நாள் எழுந்தாள்,
கடலுக்குப் போகவில்லை,
இவள் கூட்டுப் பக்கம் வந்து நின்றாள்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவுமில்லை.

ஐந்து குஞ்சுகள் பாறையில் உருண்டு இறங்கிய அன்று
முன்னால் இவள், தள்ளாடி.
பின்னால் அவள்.
நடுவில் ஐந்து தூசு.
கருமுதுகுக் கடற்காகம் நிழலைப் போட்டது முதலில்,
பிறகு தன்னை.
பின்னால் வந்தவள்
தரையை விட்டு எழும்பியதை நான் பார்த்தேன்.
பழுப்பு இவ்வளவு பெரிதாக விரியும் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

தண்ணீரில் எண்ணினோம். ஐந்து.
கடைசியாக அவளும் இறங்கினாள்,
இடது இறக்கையை
அலையில் இழுத்துக்கொண்டு.

"அவள் அந்தக் குஞ்சுகளுக்கு என்ன வேணும்?"
என்றாள் ஈஸ்கெர்துர்.
"பக்கத்து வீடு" என்றாள் தோர்கட்லா.

பதினோராம் பக்கத்துக்கு வாசகம் எழுதவில்லை.
இரண்டு பழுப்புகள், ஐந்து புள்ளிகள், நிறைய நீர்.
வெளிர்பச்சை ஒரு துளி மீந்திருந்தது,
அடிவானத்தில் வைத்துவிட்டேன்.
கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

ஹல்முண்டுர் வெகுநேரம் பார்த்தார்.
"இதில் அம்மா எது?"

அதையே ஈஸ்கெர்துரிடம் கேட்டு எழுதினேன்.
அஞ்சலட்டையில் பதில் வந்தது,
எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி:
ஒருத்திக்கு மார்பு வலிக்கும்.
ஒருத்திக்கு இறக்கை.
குஞ்சுகளிடம் கேட்காதே,
அவை நீந்திக்கொண்டிருக்கின்றன.