மற்றவை

பேப்பரக் கொஞ்சம் கீழ வையி தாயி.
பாளையங்கோட்டையிலருந்து வெயில்ல வந்திருக்க,
மொதல்ல தண்ணியக் குடி.

‘வெள்ளத்தில் ஏன் உதவினீர்கள்?’
நாலு கட்டம்.
மனிதநேயம், இறைநம்பிக்கை, உறவுமுறை, மற்றவை.
ஒண்ணுலதான் டிக் போடணும்னு சொல்லுத.

நான் வாடகைப் பாத்திரக்காரன்.
சிந்துபூந்துறையில கொம்பையா வீடு எதுன்னு கேட்டா
அண்டாக் கொம்பையாவான்னு திருப்பிக் கேப்பாவ.
பக்கத்து வீட்டு தேவஇரக்கம் சாரு
மக கல்யாணத்துக்கு எடுத்த பாத்திரத்துக்கு
நாலாயிரத்து முந்நூறு பாக்கி.
வருசம் மூணாச்சு.
எதிர்ல வந்தா நான் சைக்கிள் செயினப் பாப்பேன்,
அவரு வானத்தப் பாப்பாரு.

மார்கழி பொறந்த ராத்திரி
ஆறு தெருவுக்குள்ள வந்துச்சு.
சத்தமே இல்ல தாயி.
வாசல்ல கெடந்த செருப்பத்தான் மொதல்ல எடுத்துச்சு.
நானும் எம் பொண்டாட்டியும் அரை மூட்டை அரிசியும்
மச்சுக்கு ஏறிட்டோம்.

சாரு வீட்டு சன்னல்லருந்து
டார்ச் வெளிச்சம் எங்க சுவத்துல விழுது.
ஒரு தடவ.
நான் போர்வைய இழுத்துக்கிட்டேன். எழுதிக்கோ.
ரெண்டாந்தடவ,
‘ஃபயர் சர்வீஸ்காரன் வருவான்’னேன்.
மூணாந்தடவ வெளிச்சம் நடுங்குச்சு.
கை நடுங்குனாத்தான வெளிச்சம் நடுங்கும்?
எம் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லல.
என்னையப் பாத்தா, அம்புட்டுதான்.
அந்தப் பார்வைக்கு ஒம் பேப்பர்ல கட்டம் இருக்கா?

பந்தக் கயித்த இடுப்புல கட்டி
மறுமுனைய மச்சுக் கம்பியில போட்டு
முந்நூறு பேருக்குப் பொங்குற அண்டாவத் தண்ணியில எறக்குனேன்.
சாருக்குச் சுகர்ல வெரலெடுத்த காலு.
முழங்கால மடக்கி உள்ள உக்காந்தாரு.
அவரு மக கல்யாணச் சோறு வெந்த அண்டாதான் அது.
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
நடுத் தண்ணியில வச்சு,
‘கொம்பையா, அந்தப் பாக்கி...’ங்காரு.
‘சும்மா உக்காரும்வே, கவுந்துரும்’னேன்.
உள்ளுக்குள்ள என்ன ஓடுச்சுன்னா,
இந்தாளு செத்தா காசு போச்சு.
அதுவும் ஒரு காரணந்தான். இதயும் எழுதுவியா?

தண்ணி வடிஞ்சதும் கூட்டம் போட்டு
எனக்குத் துண்டு போத்துனாவ.
கையத் தட்டுனாவ, சாருதான் ரொம்ப நேரம் தட்டுனாரு.
அந்தத் துண்ட நான் தோள்ல போடல.

ஏன்னா பின்வீட்டு பேராச்சி.
சட்டை தைக்கிற பொம்பள, ஒத்தையில இருக்கா.
அவகிட்ட டார்ச் இல்ல, அவ கத்தவும் இல்ல.
தையல் மிஷினுக்கு மேல ஏறி
உத்தரத்தப் பிடிச்சிக்கிட்டு விடிய விடிய நின்னிருக்கா.
பத்தடி தாயி.
கயிறு எங்கிட்டதான் இருந்துச்சு,
அண்டா எங்கிட்டதான் இருந்துச்சு.
அந்தப்பக்கம் நான் தலையத் திருப்பல.
வெளிச்சம் அடிச்சவன் வீட்டுக்குப் போனேன்,
இருட்டா இருந்த வீட்டுக்குப் போகல.

‘ஏட்டி, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?’ன்னேன்.
‘தூங்கிட்டிருப்பீரு, எதுக்கு எழுப்பணும்னு
விட்டுட்டேன் அண்ணாச்சி’ன்னா.

அன்னையிலருந்து ராத்திரி ஏழரைக்கு
அவ வீட்டு லைட்டப் பாப்பேன்.
எரியலைன்னா கதவத் தட்டி
‘ஒரு ஊசி குடு, பித்தான் போச்சு’ம்பேன்.
அந்தா அந்த டப்பாவத் தெற, பாரு,
பதினெட்டு ஊசி.
எஞ் சட்டையில எல்லாப் பித்தானும் இருக்கு,
அது அவளுக்கும் தெரியும்.
என்னன்னு அவளும் கேக்க மாட்டா,
ஊசிய மட்டும் நீட்டுவா.

சாரு பாக்கியா?
நேத்துங்கூட கேட்டேன். வானத்தப் பாக்காரு.

இப்ப மணி என்ன? ஏழே முக்காலா?
அங்க இன்னும் லைட்டு எரியலயே.
கரண்டு கட்டா இருக்கும்.
இல்ல, நம்ம வீட்டுல எரியுதே.
நீ கட்டத்த நெரப்பிக்கிட்டு இரு தாயி,
இந்தா வந்துருதேன்.