தனிநிலை

பெயர் வைத்தபோது யோசிக்கவே இல்லை.
வங்கியில் படிவம் நீட்டிக் கேட்டார்கள்.
தவமலர், "இது வந்து... இது..." என்று இழுத்தாள்.
நான் பேனாவை வாங்கி
'இஃது' என்று எழுதிவிட்டேன்.

துணிப்பை, சட்டை, கல்யாண அட்டை,
நிற்கிற எதிலும் அச்சடிப்போம்.
கோலா கெட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடி.
சன்னலைத் திறந்தால்
செம்பனைக் குலை ஏற்றிய லோரி,
மூடினால் மை வாசம்.

ஆறு வருஷம் சின்னம் இல்லாமலே ஓடியது.
பலகை துருப்பிடித்த பிறகுதான்
சுங்கைப் பட்டாணி ஷாஃபிக்கைப் பிடித்தோம்.
முந்நூறு வெள்ளி, பாதி முன்பணம், மூன்று படம்.

முதல் படத்தில் ரப்பர் இலை.
மூன்றாய்ப் பிரிந்து, நுனியில் ஒரு சொட்டுப் பால்.
அழகுதான்.
"நீ மரம் வெட்டியிருக்கியா?" என்றாள் தவமலர்.
இல்லை.
"நானும் இல்ல. எங்கம்மா வெட்டினாங்க.
அவங்க கடை போட்டா இதை வச்சுக்கட்டும்."

இரண்டாவது, மயில். தோகை முழுக்கத் தூரிகை.
இந்த டவுனில் ஏற்கெனவே நாலு மயில்:
நகைக்கடையில் ஒன்று, அப்பளத்தில் ஒன்று,
பந்தல்காரர் வேனில் ஜோடியாக இரண்டு.

மூன்றாவது, மூன்று புள்ளி.
மேலே ஒன்று, கீழே இரண்டு. அவ்வளவுதான்.

எங்கள் பெயரின் நடுவிலிருந்து
அதை மட்டும் கிள்ளி எடுத்திருக்கிறான்,
எழுத்து என்று தெரியாமலே.
"பிளக் பாயிண்ட் மாதிரி இருந்துச்சு, கக்" என்றான் போனில்.
பிறகு தயங்கி,
"உங்க கடைப் பேரை வாசிச்சா 'இத்து'ன்னு வருது.
மலாய்ல அதுக்கு 'அது'ன்னு அர்த்தம்."

நாங்கள் இது என்பதை
அவன் அது என்கிறான்.

அன்றிரவு அவனுக்கு ரசீது எழுதினேன்.
ஷாஃபிக்.
எழுதி முடித்துத்தான் பார்த்தேன்:
அவன் பெயருக்குள்ளும் அதே மூன்று புள்ளி.
முன்னால் நெடில், இலக்கணப்படி செல்லாது.
முன்னே ஒரு குறில் வேண்டும், பின்னே ஒரு வல்லினம்.
நான் ஐந்தடிக்கும் குறைவு.
தவமலரோடு கடன் சொல்லிப் பார்த்தவர்களுக்கு
வல்லினம் யாரென்று தெரியும்.
படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன்.
ஒரு சிரிப்பு வந்தது,
கூடவே மீதி நூற்றைம்பதுக்கு நினைவூட்டல்.

மாவட்ட மன்றத்தில் பலகைக்கு உரிமம் கேட்டோம்.
தேசிய மொழி பெரிதாக, மற்ற மொழி சிறிதாக,
அது தெரிந்த விதிதான்.
அம்மணி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது எழுத்தா, படமா?"

எழுத்து என்றால் உள்ளங்கை அளவு.
படம் என்றால் எத்தனை அடியும் போகலாம்.

தவமலர் என்னைப் பார்த்தாள்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
"படம்" என்றேன்.
முத்திரை விழுந்தது.
படியிறங்கும்போது இருவரும் பேசவில்லை.
மோட்டாரில் ஏறியபின் அவள் சொன்னாள்,
"நாலடி அகலம் கெடைக்கும்ல."
கிடைக்கும்.
ஆனாலும்
பள்ளியில் முதல் வரிசையில் உட்கார்ந்த ஒருத்தி
எனக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பலகை ஏறிய மூன்றாம் நாள்
மேசை விசிறியைத் தோளில் சுமந்தபடி
ஒருவர் மாடியேறி வந்தார்.
ஓடவில்லையாம்.
"இது கரண்டு கடை இல்லைங்க" என்றேன்.
"வெளியே பிளக் போட்டிருக்கீங்களே?"
"அது ஆய்த எழுத்து."
"அப்ப இது என்ன கடை?"
"இஃது."

அவர் மூச்சு வாங்கினார்.
இருபத்தெட்டுப் படி, வெயில் வேறு.
தவமலர் சட்டத்தைக் கீழே வைத்தாள்,
மைக் கையைத் துடைத்தாள்,
எங்கள் ஹேர் டிரையரின் பியூசைக் கழற்றி
அவர் பிளக்கில் மாட்டினாள்.
விசிறி சுற்றியது.
காய்ந்துகொண்டிருந்த சட்டைகள் எல்லாம்
ஒரே பக்கம் சாய்ந்தன.

புதுச் சின்னம் போட்ட ரசீதுப் புத்தகம்,
முதல் தாள்.
மேலே மூன்று புள்ளி.
கீழே அவள் கையெழுத்தில்:
பியூஸ், இரண்டு வெள்ளி.