நூறு வரிக்குக் கூலி

நூறு வரிக்கு இவ்வளவு என்று பேசித்தான் வந்தேன்.
மையும் நாணலும் என்னுடையவை.
பாப்பிரஸ் சுருள் அவர்களுடையது,
அதுவும் ஒரு பக்கம் ஏற்கெனவே எழுதியது:
யாரோ எண்ணெய் வியாபாரியின் கடன் கணக்கு.
"இதன் முதுகிலா?" என்றேன்.
"இதன் முதுகில்தான்," என்றாள் திரிபைனா.
வீடு அவளுடையது, கீழே சாயப்பட்டறை.
அந்தியோகியாவின் ஆற்றோரத் தெருக்களில்
நாற்றம் வந்த பக்கமே நடந்தால்
அவள் வாசலுக்குப் போய்ச் சேரலாம்.

எனக்கு அவர்களுடைய ஆள்மேல் நம்பிக்கை கிடையாது.
எழுதுகிறவனுக்கு அது எதற்கு?
எத்தனையோ திருமண ஒப்பந்தம் எழுதியிருக்கிறேன்,
அத்தனை பெண்களையும் மணந்துகொண்டேனா?

நாற்பது வருஷமாக ஏன் எழுதிவைக்கவில்லை என்று கேட்டேன்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
நாளை வருகிறவருக்கு
இன்று யார் கடிதம் எழுதுவார்?
வருவார் வருவார் என்று
எல்லாவற்றையும் வாயிலேயே வைத்திருந்தார்கள்,
பேரீச்சங்கொட்டையை ஒதுக்கிவைப்பது மாதிரி,
கன்னத்துக்குக் கன்னம் மாற்றி.

போன வருஷம் தெற்கே அந்த நகரம் எரிந்தது.
கைதிகளைக் கயிற்றில் கோத்து
இந்த வழியாகத்தான் ஓட்டிப்போனார்கள்.
சந்தையில் ஆள் விலை
கழுதை விலைக்குக் கீழே இறங்கியது.
அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்
கன்னத்தில் கொட்டையோடு போனார்களோ.

பிறகு இந்தப் பனிக்காலத்தில் யாக்கிம்.
ஏரியில் வலை இழுத்தவன், அவரைக் கண்ணால் கண்டவன்.
(முதுகைத்தான் அதிகம் கண்டேன் என்பானாம்,
அவ்வளவு வேகமாக நடப்பாராம்.)
காய்ச்சலின் மூன்றாம் இரவு,
உப்பு மூட்டை ஆற்றில் நனைந்துபோய்
கரையில் உட்கார்ந்து அழுத ஒருவனின் கதையை
எத்தனையாவது தடவையாகவோ சொல்லிக்கொண்டிருந்தான்.
"அப்போது அவர் திரும்பிப் பார்த்து"

அவ்வளவுதான்.

மறுநாளே எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

திரும்பிப் பார்த்துச் சிரித்தார், என்றாள் ஷெலம்சியோன்.
யாக்கிம் என்னிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறான்.
அழுதார், என்றான் நூமேனியோஸ்.
என்னிடமும் பத்துத் தடவை.
அவள் அரமேயத்தில் சொன்னதை
நடுவில் ஒரு பையன் கிரேக்கமாக்கினான்.
சிரிப்புக்கும் அழுகைக்கும் அவனிடம் சொல் இருந்தது;
எந்தப் பக்கம் நிற்பது என்றுதான் தெரியவில்லை.

நாணல் நுனியில் மை காய்ந்தது.
தோய்த்தேன். மறுபடியும் காய்ந்தது.

"கொஞ்சம் இடம் விட்டு எழுது," என்றாள் திரிபைனா,
"தெரிந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம்."
அம்மா, எங்கள் எழுத்தில்
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலேயே இடம் கிடையாது.
பட்டிக்குத் திரும்பும் ஆடுகள் மாதிரி
இடித்துக்கொண்டு ஓடும்.
இடம் விட்டால், படிக்கிறவன்
பூச்சி தின்றது என்று நினைப்பான்.
இனி தெரியப்போவதும் இல்லை.
அதை மட்டும் நான் சொல்லவில்லை.

ஷெலம்சியோன் எழுந்து சாளரத்தண்டை போனாள்.
"எழுதிவிட்டால் நாளையிலிருந்து
என்னை யாரும் கேட்க மாட்டார்கள்."
பையன் அதை மொழிபெயர்க்கவில்லை.
அந்த அளவு அரமேயம் எனக்கும் தெரியும்.

கடைசியில் எழுதினேன்:
அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.
சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.
ஒருவருக்கும் பிடிக்கவில்லை,
அதனால் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்றைக்கு இருநூற்று நாற்பது வரி.
திரிபைனா விரல் வைத்து எண்ணினாள்,
படிக்கத் தெரியாதவள், வரி எண்ணத் தெரிந்தவள்.
காசு சரியாக இருந்தது.

வீட்டில் நாணலைக் கழுவிவிட்டுப் படுத்தேன்.
ஆற்றங்கரை. நனைந்த உப்பு.
முன்னால் போகும் ஒரு முதுகு
நின்று, மெல்லத் திரும்புகிறது.
தோள் வரைக்கும் வந்துவிடுகிறது,
தாடியின் ஓரம்கூடத் தெரிகிறது.
அங்கே தாளின் மறுபக்கத்திலிருந்து மை ஊறி
எண்ணெய்க் கடன்காரன் ஒருவனின் பெயர்,
பாக்கி பதினாறு திராக்மா.