கூட்டு இடாப்பு

கொழும்பிலிருந்து ரயிலில் வந்தவர்கள் வங்கிக்காரர்.
மட்டக்களப்பு லொறியில் பாதிப்பேர் வாத்திமார்.
மலையிலிருந்து வந்தவர்களுக்குக் கம்பளிக் காலுறை,
திருகோணமலையின் வைகாசியில்.

மூன்று தொண்டர் படையையும்
பதினான்கு நாளுக்கு ஒரே கட்டளையின் கீழ் வைத்துப்
பழக்கு என்று மேலிடத்துக் கடிதம்.
என் மேசைக்கு வந்தவை
மூன்று இடாப்பு, ஒரு வெற்றுக் கொப்பி,
மேஜர் பார்த்தலமூஸின் ஒரு வசனம்:
"லிகிதரே, ஒன்றாக்கும்."

ஒன்றாக்கினேன்.
பெரேரா மட்டும் ஒன்பது பேர்.
விடுபட்டோம் என்று சப்பாத்து வரிசையில் நின்ற
நாலு பேரை அடியில் சேர்த்தேன்.

கோட்டை மைதானத்தில் முதல்நாள் அணிநடை.
"லெஃப்ட்" என்றால் ஒரு படைக்கு இடதுகால் எழும்பும்,
இன்னொன்றுக்கு விழும்.
மலைக்காரர் யோசித்துவிட்டு நடந்தார்கள்.
மான்கள் புல்லை விட்டுவிட்டு நின்று பார்த்தன.
கப்டன்மார் மூவருக்கும் மூன்று மேசை,
உப்புப் போத்தல் ஒன்று.

ஆறாம் நாள் இரவு உப்புவெளிக் கரையில் ஒத்திகை.
மேஜர் தந்த இரகசியச் சொல் "திஸ்ல்".
மீராலெவ்வை திசில் என்றார்.
ஹேரத் டிஸ்டில் என்றான்.
ஒருவன் விசிலே அடித்துவிட்டான்.
கடைசியில் இருமலை வைத்துத்தான்
ஆளையாள் கண்டுபிடித்தார்கள்.

பத்தாம் நாள் கால்கள் ஒன்றாய் விழுந்தன.
அதைப்பற்றி யாரும் கதைக்கவில்லை.
உப்புப் போத்தல் நடு மேசையிலேயே இருந்தது.

பதினான்காம் நாள் கூட்டைப் பிரித்தேன்.
கொழும்பு ஐம்பத்தொன்று,
மட்டக்களப்பு நாற்பத்தெட்டு,
மலை நாற்பத்துமூன்று.
கூட்டினால் நூற்று நாற்பத்திரண்டு.
இடாப்பில் நூற்று நாற்பத்துமூன்று.

மூன்று தரம் கூட்டினேன்.
பெரேராக்களை நிறுத்தி எண்ணினேன்.
மிஞ்சியது அடியில் ஒரு வரி:
மரியான் வஸ்தியன், சப்பாத்து பத்தாம் இலக்கம்.

கொழும்புக் கப்டன், மட்டக்களப்பான் என்று நினைத்தேன் என்றார்.
மட்டக்களப்பார் மலையைக் காட்டினார்.
மலைக் கப்டனுக்கு அவன் கொழும்பு.
சமையற்காரனுக்குத்தான் தெரிந்திருந்தது:
நிலக்கரி வத்தைக் கூலி,
இரண்டு கிழமையாய்த் துறையில் கப்பல் இல்லை,
இரண்டாம் தரமும் சோறு கேட்பான்.

மேஜர் கேட்டார்: "ஆள் எப்படி?"
"திஸ்லைத் திஸ்ல் என்று சொன்னவன்
அவன் ஒருவன்தான் ஐயா.
கப்பல் அடுப்புக்காரர் வாயில் கேட்டிருப்பான்."

ஆள் விடியமுன்னம் போய்விட்டான்.
களஞ்சிய வாசலில் சப்பாத்து இருந்தது,
நாடா முடிந்தபடி, முனை மினுங்க.
மற்ற நூற்று நாற்பத்திரண்டு சோடியிலும்
உப்புவெளி மணல்.

ரயில் ஊதியது.
அடுத்த வருடத்துக்கு
எத்தனை சோடி கேட்பது என்று எழுத வேண்டியிருந்தது.
மேஜர் தொப்பியைப் போட்டுக்கொண்டு
"இடாப்பில் உள்ளபடி" என்றார்.