மா துலென்

தார்த்து நகரத்தில் பழைய நூல் கிடங்கு.
மாடியில் எட்டுக் கட்டில், ஏழு காலி.
எட்டாவதில் ரைவோ தூங்குகிறான்.
தலையில் இருபத்தொரு கம்பி,
வாயோரம் கறுப்பு ரொட்டித் துணுக்கு.

கப்பல் கம்பெனிக் கணக்கன்.
ஒன்பது இலக்க எண் ஒன்று
அவனுக்குள் கிடக்கிறதாம்,
விழித்திருக்கையில் அவனுக்கே எட்டாத ஆழத்தில்.
அதை எடுத்துவர உர்வேக்குச் சம்பளம்:
இரவுக்கு இருநூற்று நாற்பது யூரோ,
பனிக்காலத்தில் டாக்ஸியும் உண்டு.

மூன்று பத்துக்கு
அவள் அவன் கனவில் இறங்குவாள்.

கையில் கொடுத்தனுப்பிய கயிறு ஒன்றே ஒன்று.
கிடங்கின் படிகளை எண்ணு, என்றார் இல்மார்.
விழிப்பில் பத்தொன்பது.
கனவுக்கு எண்ணத் தெரியாது;
பதினேழில் நிற்கும், நாற்பதுக்கு ஓடும்.
ஒருமுறை படிகள் முடியவே இல்லை,
பூட்ஸைக் கழற்றி இருட்டில் எறிந்து
அது விழும் சத்தத்தில் விழித்தாள்.

முதல் இரவில் மீன் சந்தை.
விலைச்சீட்டில் எழுத்து நிற்கவில்லை.
படித்துவிட்டுத் திரும்பினால்
அதே சீட்டில் வேறு விலை, வேறு மீன்.

நான்காம் இரவில் எமாயொகி ஆறு உறைந்திருந்தது.
பனிமேல் ஒரு ஆபீஸ். மேஜைக் கால்கள் புதைந்து.
ரைவோ லெட்ஜர் புரட்டிக்கொண்டிருந்தான்.
எண் எங்கே, என்றாள்.
கீழே, என்றான், தலை தூக்காமல்.
குனிந்தாள்.
பனிக்கட்டிக்கு அடியில் ஒரு சமையலறை,
அடுப்பில் பிடி உடைந்த நீலக் கெண்டி.

அது அவள் வீட்டுக் கெண்டி.

காலையில் அறிக்கை எழுதினாள்.
சந்தை எழுதினாள், ஆறு எழுதினாள், லெட்ஜர் எழுதினாள்.
கெண்டியை எழுதவில்லை.

ஒன்பதாம் இரவு
படி எண்ணி இறங்கினால்
நேரே அந்தச் சமையலறை.
அவளுடைய நாற்காலியில் ரைவோ,
காதில் செருகிய பென்சில்,
முன்னால் வெள்ளைத் தாள்.
"உட்கார் உர்வே. அந்த எண்?"

அவள் வாய் நான்கு இலக்கம் சொல்லிவிட்டது.
ஐந்தாவதில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
ரத்தம் உப்புக் கரித்தது.

"உனக்குள் இருப்பதாகத்தான் சொன்னார்கள்."
"என்னிடம் உன்னைச் சொன்னார்கள்," என்றான்.
"இரவுக்கு இருநூற்று நாற்பது."

கெண்டி கொதித்தது. இருவரும் எழுந்து அணைக்கவில்லை.

"டாக்ஸியும் உண்டா?"
"பனிக்காலத்தில் மட்டும்."

கதவுப்பக்கம் அவள் ஓடும்போது
பின்னாலிருந்து ஒன்று சொன்னான்: மா துலென்.

அவர்கள் மொழியில் வினைச்சொல்லுக்கு
எதிர்காலம் கிடையாது.
மா துலென் என்றால் வருகிறேன்.
வருவேன் என்பதற்கும் அதேதான்.
நாளைக்கும் இப்போதைக்கும் ஒரே கதவு.
அதைத் தமிழில் எழுத உட்கார்ந்த எனக்கோ
இன்னொரு சிக்கல்:
நம்மில் கிளம்புகிறவர்தான்
வருகிறேன் என்று சொல்லிப் போவார்.
துரத்தினானா, தவணை சொன்னானா,
விடைபெற்றானா?
மூன்றையும் வைத்துவிட்டுப் போகிறேன்.

கம்பிகளைப் பிய்த்துக்கொண்டு எழுந்தாள்.
எட்டாம் கட்டிலைப் பார்க்கவில்லை.
படிகளில் இறங்கினாள், ஒவ்வொன்றாக, சுவரைத் தொட்டு.
பதினேழு.
பதினெட்டு.
பத்தொன்பது.
தரை.

அப்பாடா என்று வந்த மூச்சு
பாதியில் நின்றது.
பத்தொன்பது என்று இல்மார் சொன்னார்.
அவர் சொல்வதற்கு முன்னால்
ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவை,
அவளாக எண்ணியிருக்கிறாளா?

வெளியே பனி. டாக்ஸி காத்திருந்தது.
டிரைவர் எங்கே என்று கேட்கவில்லை.
பின் சீட்டில் நாக்கின் காயத்தைப்
பல்லால் தடவிப் பார்த்தாள். வலித்தது.
வலி எதற்கும் சாட்சி இல்லை என்று
பயிற்சியின் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

மீட்டரில் சிவப்பாக நான்கு இலக்கம்.
ஒருமுறை படித்தாள்.

பிறகு வீடு வரைக்கும்
ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.